படம் ரெடி, ரிப்போர்ட் எங்கே? உயிரோடு விளையாடும் காத்திருப்பு!

ஊத்தங்கரை வழியாகப் போகும் கிருஷ்ணகிரி - திண்டிவனம் ரோட்டில் ராத்திரி பகலாக லாரிகள் பறக்கின்றன. பைக்கில் போனவர் விழுந்து தலையில் அடிபடுகிறார். வெளியே ஒரு கீறல்கூட இல்லை. எழுந்து தண்ணீர் குடித்து, "ஒண்ணும் இல்லீங்க" என்கிறார். ஒரு மணி நேரத்தில் வாந்தி, மயக்கம்!

மண்டைக்குள் ரத்தம் கசிந்தால் இப்படித்தான். எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு தெரியும், கசிவு தெரியாது. சி.டி. ஸ்கேன் வேண்டும். கிருஷ்ணகிரிக்கு அனுப்பினால் சுமார் 50 கிலோ மீட்டர். 108 ஆம்புலன்சிலேயே முக்கால் மணி, ஒரு மணி போய்விடும்.

கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை தரும் திட்டம் அதற்கு முந்தைய மாதமே வந்துவிட்டது. காசு அல்ல, நேரம்தான் இப்போது பிரச்சினை!

அடைப்பா? கசிவா?

பக்கவாதத்திலும் இதே கதைதான். வாய் கோணி, கை விழுந்துவிட்டால் மூளை ரத்தக் குழாயில் அடைப்பு இருக்கலாம். குழாய் வெடித்தும் இருக்கலாம். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான். அடைப்பு என்றால் நாலரை மணி நேரத்துக்குள் கட்டியைக் கரைக்கும் ஊசி போட வேண்டும். கசிவு என்றால் அதே ஊசி எமன்! படத்தைப் பார்க்கும் வரை டாக்டர் ஊசியைத் தொட முடியாது. சிகிச்சை இல்லாத ஒவ்வொரு நிமிடமும் 19 லட்சம் மூளை நரம்பு அணுக்கள் சாகின்றன என்பது 2006-ல் போட்ட கணக்கு.

ஆஸ்பத்திரி வாசலை மிதித்த 25 நிமிடத்தில் ஸ்கேன், 45 நிமிடத்தில் முடிவு என்று அமெரிக்காவில் 1990-களிலேயே வரையறுத்து விட்டார்கள். 1971-ல் லண்டனில் முதல் நோயாளியை ஸ்கேன் எடுத்தபோது ஒவ்வொரு படத்துக்கும் நிமிடக்கணக்கில் ஆனது. இப்போது முழுத் தலைக்கும் சில வினாடிதான். மிஷின் வேகமாகிவிட்டது. படத்தைப் படித்துச் சொல்ல ராத்திரி ஆள் வேண்டுமே!

ஓசூரைத் தாண்டினால் பெங்களூர். டாக்டர் அர்ஜுன் கல்யாண்பூர் அங்கே 2002-ல் தொடங்கிய நிறுவனம், அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் நடுராத்திரி ஸ்கேன்களைப் பார்த்துப் பதில் அனுப்பிப் பெயர் வாங்கியது. அவர்களுக்கு ராத்திரி, நமக்குப் பகல்! கடல் கடந்த படத்துக்கே உடனே பதில் போகும்போது, ஊத்தங்கரைக்காரர் "டைப் அடிச்சு வரட்டும்" என்று காத்துக் கிடக்கலாமா?

கூடப் போகிறவர்கள் அடிபட்ட நேரத்தைச் சீட்டில் எழுதி டாக்டரிடம் கொடுக்கலாம். பக்கவாதம் என்றால், கடைசியாக நன்றாக இருந்த நேரம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவரா என்பதையும் சொல்லுங்கள். "ரிப்போர்ட் வந்துச்சா?" என்று கேட்பதைவிட, "டாக்டர் படத்தைப் பாத்துட்டாரா?" என்று கேளுங்கள். அவசரத்துக்கு ஸ்கேன் டாக்டர் போனில் சொன்னாலே போதும். காகிதம் பிறகு வரட்டும்.