தொப்பியா, தலைப்பாகையா?

சாரணச் சிறுவர்களின் தலையில் என்ன இருக்க வேண்டும் என்பது ஒரு காலத்தில் அரசியல் கேள்வி

பள்ளி விழாக்களில் வாசலில் விறைப்பாக நின்று சல்யூட் அடிக்கும் சாரணச் சிறுவர்களின் அடையாளங்கள் இரண்டு: கழுத்தில் ஸ்கார்ஃப், தலையில் கருநீல பெரே தொப்பி. ஸ்கார்ஃபால் பெரிய பிரச்சினை எழுந்ததில்லை. தொப்பியின் கதை வேறு.

சாரண இயக்கத்தைத் தோற்றுவித்த ராபர்ட் பேடன்-பவல் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி. 1896இல், ஆப்பிரிக்காவில் மாடபெலே மக்களின் எழுச்சியை அடக்கும் போரில் இருந்தபோது, அமெரிக்க வேவு வீரர் ஃப்ரெடரிக் பர்ன்ஹாம் அவருக்கு நண்பரானார். அகன்ற விளிம்புள்ள அமெரிக்கத் தொப்பி பேடன்-பவலுக்குப் பிடித்துப்போனது அங்கேதான். 1908இல் சிறுவர்களுக்கான கையேட்டை வெளியிட்டபோது அதே பாணித் தொப்பியைச் சீருடையில் சேர்த்தார். வெயிலும் மழையும் தாங்கும், அடுப்பை விசிறலாம், அவசரத்துக்குத் தண்ணீரும் மொள்ளலாம்.

மறு ஆண்டே இயக்கம் பெங்களூருக்கு வந்தது. ஆனால் சேர்ந்தவர்கள் ஆங்கிலேய, ஆங்கிலோ-இந்தியச் சிறுவர்கள் மட்டுமே. இந்தியச் சிறுவர்களுக்குக் கதவு திறக்கவில்லை. ராணுவச் சாயல் கொண்ட பயிற்சியை அவர்களுக்குக் கொடுப்பது ஆபத்து என்று ஆட்சியாளர்கள் அஞ்சினார்கள்.

பதில் சென்னையிலிருந்து வந்தது. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, அன்னி பெசன்ட் இந்தியச் சிறுவர்களுக்கெனத் தனிச் சாரணர் சங்கம் தொடங்கினார். பயிற்சி முறை பேடன்-பவல் வகுத்ததுதான். தலையில் மட்டும் தொப்பி இல்லை, தலைப்பாகை. பாடியதும் இந்தியப் பாடல்கள். ஹோம் ரூல் கிளர்ச்சிக்காக 1917இல் அரசு பெசன்டைக் காவலில் வைத்த காலம் அது. அந்தத் தலைப்பாகை வெறும் துணியாக இருந்திருக்க முடியாது. அலகாபாத்தில் மதன் மோகன் மாளவியாவின் ஆதரவோடு சேவா சமிதி சாரணர் அமைப்பும் உருவானது.

1921இல் பேடன்-பவல் இந்தியா வந்தார். பெசன்டின் சங்கம் தாய் இயக்கத்தில் இணைந்தது. சேவா சமிதி விலகியே நின்றது. பிரிந்து கிடந்த அமைப்புகள் ஒன்றாகி, 1950 நவம்பர் 7 அன்று பாரத சாரணர் இயக்கம் பிறந்தது. அடுத்த ஆண்டு சாரணியரும் சேர்ந்தனர்.

இன்றைய பெரே தொப்பியும் இந்த மண்ணுக்கு உரியதல்ல. பிரான்ஸ்-ஸ்பெயின் எல்லை மலைகளில் ஆடு மேய்ப்பவர்கள் அணிந்த கம்பளித் தொப்பி அது. 1924இல் பிரிட்டிஷ் டாங்கிப் படை அதைக் கறுப்பு நிறத்தில் ஏற்றுக்கொண்டது. டாங்கிக்குள் விளிம்புத் தொப்பி இடிக்கும். கறுப்பில் எண்ணெய்க் கறை தெரியாது. 1960களின் பிற்பகுதியில் பிரிட்டிஷ் சாரணர்களே பேடன்-பவலின் தொப்பியைக் கைவிட்டு பெரேவுக்கு மாறினார்கள்.

தலைப்பாகை முற்றிலும் மறைந்துவிடவில்லை. சீக்கியச் சாரணர்கள் தொப்பிக்குப் பதிலாக அதை அணியலாம். அன்று ஒரு நாட்டின் ரோஷத்தைச் சொன்ன தலைப்பாகை, இன்று சீருடை விதிகளில் ஒரு வரி.