மேல்தளமும் ஒப்பந்தப் பத்திரமும்

பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது மூன்று தலைமுறையை விசாரிக்கும் நம் குடும்பஸ்தர்கள், வீட்டுக்கு மேல்தளம் போடும்போது கண்டிராக்டரிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "சதுர அடி என்ன விலை?" விலை படிந்ததும் ஒரு துண்டுக் காகிதத்தில் முன்பணம் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து; அதுவே ஒப்பந்தம். ஐப்பசி அடைமழையில் கூடத்துச் சுவர் ஓதம் காணும்போதுதான், அக்காகிதத்தில் எழுதாமல் விட்டவையெல்லாம் நினைவுக்கு வருகின்றன.

அந்த விலை எதற்கு? கான்கிரீட்டுக்கு மாத்திரமா, அதன்மேல் போடும் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புத் தளத்துக்கும் தட்டோட்டுக்கும் சேர்த்தா? கான்கிரீட் பாரத்தைத் தாங்கும்; மழைநீரை வெளியேற்றுவது மேலுள்ள தளமும் அதன் வாட்டமுமே. ஆகவே வாட்டம் எப்பக்கம், மழைநீர்க் குழாய்கள் எத்தனை என்பவற்றையும் பத்திரத்தில் குறிப்பிடச் செய்வது அவசியம்.

இவற்றிலும் முக்கியமானது நாட்கணக்கு. கான்கிரீட்டைச் சாதாரண சிமெண்டானால் குறைந்தது 7 நாளும், சாம்பல் கலந்த சிமெண்டானாலும் வறண்ட வெயில் காலமானாலும் 10 நாளும் இடைவிடாது ஈரமாக வைத்திருக்க வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணய நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட விதிநூல் கூறுகிறது. பாத்தி கட்டித் தண்ணீர் தேக்குவது யார் பொறுப்பு? கண்டிராக்டர் வீட்டுக்காரரைக் காட்டுவார். வீட்டுக்காரர் கண்டிராக்டரைக் காட்டுவார். இடையில் தளம் வெயிலில் காயும். முட்டுகளை எடுப்பதற்கும் அந்நூலில் கணக்குண்டு. சாதாரண சிமெண்டுத் தளத்தின் அகலம் 4.5 மீட்டருக்கு, அதாவது சுமார் 15 அடிக்கு, உட்பட்டால் 7 நாள். மேற்பட்டால் 14 நாள். முட்டும் பலகையும் அடுத்த வீட்டு வேலைக்குப் போகவேண்டுமே என்று கண்டிராக்டர் அவசரப்படுவார். அந்த அவசரத்தால் தளம் தொய்ந்ததும் உண்டு. இடிந்து உயிர்ச்சேதம் நேர்ந்ததும் உண்டு. தேதியைப் பத்திரத்திலேயே எழுதிக்கொள்வது நலம்.

பத்திரம் ஆங்கிலத்தில் இருந்தால்தான் செல்லும் என்றொரு மயக்கம் நம்மவரிடையே இன்னும் தீரவில்லை. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் அவ்வாறு எங்கும் விதிக்கவில்லை. வீட்டு எஜமானியும் மேஸ்திரியும் படித்தறியத்தக்க தமிழிலேயே எழுதலாம்.

பணத்தை வேலை நடக்க நடக்கப் பகுதி பகுதியாகக் கொடுக்க வேண்டும். ஒரு பகுதியை, மார்கழி பிறந்து மழை ஓய்ந்து, தளம் ஒழுகவில்லை என்று கண்ட பிறகே கொடுப்பதாக முன்கூட்டியே எழுதிக்கொள்ளலாம். ஆனால் அது கண்டிராக்டரின் லாபத்தில் நிற்கட்டும். கொத்தனார், சித்தாள் கூலியில் கைவைக்க இடம் கொடுக்கலாகாது. வேலை முடிந்தவுடன் குழாய்வாய்களை அடைத்து, இரண்டு நாள் தண்ணீர் தேக்கி, கீழிருந்து அண்ணாந்து பார்ப்பதென்ற நிபந்தனையும் இருக்கட்டும். யோக்கியமான கண்டிராக்டர் இதற்கு மறுப்புச் சொல்லமாட்டார்.