ஜுரம் விட்ட பிறகு கண்ணைக் கவனியுங்கள்!

ஜுரம் இறங்கிற்று, பிள்ளை எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறான், இனிக் கவலையில்லை என்று தாய்மார்கள் ஆறுதல் கொள்வது இயல்புதான். ஆனால் கொசுக்கடியால் வரும் ஜுரங்களில் அந்த ஆறுதலைச் சில வாரங்கள் ஒத்திப் போடுவது நலம்.

டெங்கு ஜுரத்தினின்று எழுந்து பள்ளிக்கு வந்த என் மாணவன் ஒருவன், பாடம் வாசிக்கையில் எழுத்துக்களை விட்டு விட்டு வாசித்தான். அசட்டையென்று கருதிக் கடிந்து கொண்டேன். "நடுவிலே ஏதோ மறைக்கிறது, ஸார்" என்றான். பிழை என்னுடையதே.

விழியின் பின்புறத்தில் விழித்திரை இருக்கிறது. அதன் மையத்திலுள்ள மஞ்சள் புள்ளியினாலேதான் நாம் எழுத்தைக் கூட்டுகிறோம். டெங்குவில், பெரும்பாலும் ஜுரம் தணிந்து இரத்தத் தட்டணுக்கள் குறைந்திருக்கும் சமயத்தில், அவ்விடத்தில் இரத்தம் கசியலாம், வீக்கமும் காணலாம்.

சிக்குன்குனியாவோ இன்னும் தாமதித்துத் தாக்கும். 2006-ல் அது தென்னாட்டில் பரவியபோது கண் நோயுற்றவர்களைப் பரிசோதித்த மதுரை அரவிந்த் ஆஸ்பத்திரி வைத்தியர்கள், கண்ணின் உட்பகுதியிலும் பார்வை நரம்பிலும் அழற்சி காண்பதை 2007-ல் எழுதினார்கள். 1977-ல் எகிப்தில் பரவிய 'ரிஃப்ட் பள்ளத்தாக்கு ஜுரம்' என்னும் கொசு நோயும் பலருடைய விழித்திரையைக் கெடுத்தது. உண்ணிகளும் இதற்கு விலக்கல்ல. 1957-ல் மைசூர் ராஜ்யத்து ஷிமோகா ஜில்லாவில் கண்டறியப்பட்ட கியாசனூர்க் காட்டு ஜுரத்தை உண்ணிகள் பரப்புகின்றன; அதிலும் கண்ணில் இரத்தக் கசிவு உண்டாவதுண்டு.

இக்குறையை வீட்டிலேயே சந்தேகிக்க ஒரு வழியுண்டு. ஒரு கண் பழுதானால் மற்றது அதை மறைத்துவிடும். ஆகையால் ஜுரம் விட்டபின் தினமும் ஒவ்வொரு கண்ணையாக மூடிக்கொண்டு, பத்திரிகையில் நாலு வரி வாசிக்கச் சொல்லுங்கள். எழுத்து மறைந்தாலும், வரி வளைந்தாலும், கண் சிவந்து வலித்தாலும், வெளிச்சம் கூசினாலும் அன்றே கண் வைத்தியரிடம் செல்ல வேண்டும். ஜுரத்தின் பலவீனம் என்று காத்திருக்க வேண்டாம். தாய்ப்பால் பீச்சுவதும், பச்சிலைச் சாறு பிழிவதும், பழைய சொட்டு மருந்தை எடுத்து விடுவதும் கூடவே கூடாது. ஒரு நோய்க்கு உதவிய மருந்து மற்றொன்றில் கண்ணையே கெடுத்துவிடும்.

பெரும்பாலோருக்குப் பார்வை திரும்புகிறது. எல்லோருக்கும் முழுமையாகத் திரும்புவதில்லை. என் மாணவன் இப்பொழுது நன்றாகவே வாசிக்கிறான். ஆயினும் இடக் கண்ணில் மட்டும் ஒரு சிறு மங்கல் எஞ்சி நிற்கிறது.

பகலில் கடிக்கும் அந்தக் கொசு நம் வீட்டுத் தொட்டியிலும் பூச்சட்டியிலும்தான் பிறக்கிறது. வாரம் ஒரு முறை அவற்றைக் கொட்டித் தேய்த்துக் கழுவுவது, நம் குழந்தைகளின் கண்ணைக் காப்பதுமாகும்.