பிஞ்சுத் தோலும் ஈரத் துணியும்

மேச்சேரி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவு வருபவை இரண்டு. ஒன்று பத்ரகாளியம்மன் கோவில், மற்றொன்று ஆடு. மேச்சேரி ஆடு செம்மறி இனத்தைச் சேர்ந்ததுதான். ஆனாலும் அதன் உடம்பில் கம்பளி ரோமம் கிடையாது. இளம் பழுப்பு நிறமான அந்த ஆட்டின் இறைச்சிக்கு எவ்வளவு கிராக்கி உண்டோ, அதன் தோலுக்கும் அவ்வளவு பெயர் உண்டு. பக்கத்திலுள்ள பொட்டனேரியில் இந்த இனத்துக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டிருக்கிறது. தோல் வியாபாரத்தில் ஒரு கீறலோ, ஆறிய புண்ணின் வடுவோ தென்பட்டால் போதும், விலை இறங்கிவிடும்.

ஆட்டின் தோலை இவ்வளவு கூர்ந்து பார்க்கத் தெரிந்த நாம், தொட்டிலில் கிடக்கும் குழந்தையின் தோல் சிவந்தால் என்ன செய்கிறோம்? "சூடு" என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புக் கூறிவிடுகிறோம். அத்துடன் நின்றால் பாதகமில்லை. "நீ மாம்பழம் சாப்பிட்டாய், அதனால்தான் குழந்தைக்குச் சூடு" என்று பிள்ளை பெற்றவள் மேல் குற்றத்தைச் சுமத்தி, அவளுக்குப் பத்தியமும் விதித்துவிடுகிறோம். பால் கொடுக்க வேண்டியவளுடைய இலையில் காயும் பழமும் குறைகின்றன. குழந்தையின் இடுப்பிலும் தொடையிலும் உள்ள புண்ணோ ஆறுவதாக இல்லை. எப்படி ஆறும்? காரணம் தாயின் இலையில் இருந்தால் அல்லவா ஆறும்? அது குழந்தையின் இடுப்பில் கட்டிய துணியில் இருக்கிறது. இன்னும் சரியாகச் சொல்வதானால், அந்தத் துணி எவ்வளவு நேரம் ஈரமாகவும் அசுத்தமாகவும் இருந்தது என்பதில் இருக்கிறது.

குழந்தையின் தோல் மிக மெல்லியது. அதன் மேற்பரப்பில் இயல்பாகவே சிறிது அமிலத் தன்மை உண்டு. அது பயிருக்கு வேலி போன்றது. ஈரம் நெடுநேரம் தங்கினால் தோல் ஊறிப்போகிறது. வெகு நேரம் துணி துவைத்த கையின் விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்குவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அப்படி ஊறிய தோல், துணியின் சாதாரண உரசலைக்கூடத் தாங்காது. போதாக்குறைக்கு, மூத்திரத்திலுள்ள யூரியா அம்மோனியாவாக மாறித் தோலின் மேல் காரத் தன்மையை ஏற்றுகிறது. காரம் ஏறினால் மலத்திலுள்ள ஜீரண என்ஸைம்கள் சுறுசுறுப்படைகின்றன. புரதத்தையும் கொழுப்பையும் ஜீரணிப்பது அவற்றின் தொழில். குழந்தையின் தோலும் புரதமும் கொழுப்பும் சேர்ந்தது தானே? குடலுக்குள் செய்த வேலையை அவை வெளியே வந்தும் செய்கின்றன.

இந்த உண்மை ஒரே நாளில் விளங்கிவிடவில்லை. 1921-இல் குக் என்ற அமெரிக்க டாக்டர், ஈரத் துணியில் உண்டாகும் அம்மோனியாவே இந்தப் புண்ணுக்குக் காரணம் என்று எழுதினார். அரை நூற்றாண்டுக் காலம் உலகம் அதை நம்பியது. 1977-இல் லேடன் என்பவரும் அவருடைய தோழர்களும் புண் உள்ள குழந்தைகளையும் இல்லாத குழந்தைகளையும் ஒப்பிட்டுப் பார்த்து, அம்மோனியா மட்டும் இதைச் செய்யவில்லை என்று கண்டார்கள். 1986-இல் பக்கிங்ஹாம், பெர்க் என்ற இருவர், மலத்திலுள்ள என்ஸைம்களே முக்கியக் காரணம் என்றும், மூத்திரம் அவற்றைத் தூண்டிவிடுகிறது என்றும் பரிசோதனையால் காட்டினார்கள். ஆகவே நனைந்த துணியைச் சீக்கிரம் மாற்ற வேண்டும். மலம் பட்ட துணியையோ உடனே மாற்ற வேண்டும்.

தாய்ப்பால் குடிக்கும் குழந்தையின் மலத்தில் காரமும் குறைவு, இந்த என்ஸைம்களின் உக்கிரமும் குறைவு. புட்டிப்பால் குடிக்கும் குழந்தைகளைக் காட்டிலும் அவர்களுக்கு இப்புண் குறைவாகவே வருகிறது. அப்படியிருக்க, புண்ணைக் காரணம் காட்டித் தாயின் வயிற்றைக் காயப் போடுவது எவ்வளவு விபரீதம்!

இனி, துணியைப் பற்றிப் பார்ப்போம்.

நைந்த வேஷ்டியையும் பழம் புடவையையும் கிழித்து அணையாடையாகவும் இடுப்புத் துணியாகவும் வைத்துக்கொண்ட நம் பாட்டிமாரைக் கஞ்சத்தனம் செய்தவர்கள் என்று நினைக்க வேண்டாம். நெசவுக்குப் பேர்போன சேலம் ஜில்லாவில் பிறந்தவர்களுக்கு இதன் காரணத்தை விளக்கவும் வேண்டியதில்லை. தறியில் இழை அறுந்துவிடாமல் இருக்கப் பாவுக்குக் கஞ்சி ஏற்றுகிறார்கள். அந்தக் கஞ்சி புதுத் துணியில் இருக்கும் வரையில் துணி விறைப்பாக இருக்கும். ஈரத்தையும் நன்றாக உறிஞ்சாது. பல முறை வெளுத்த பழந்துணியிலோ கஞ்சி போய்விட்டது. சாயமும் பெரும்பாலும் போய்விட்டது. நூல் மெத்தென்று ஆகிவிட்டது. புதுத் துணிதான் வேண்டுமென்றால், சாயமில்லாத பருத்தித் துணியாக வாங்கி, வெந்நீரில் இரண்டு மூன்று தடவை அலசி உலர்த்திய பிறகே குழந்தைக்குக் கட்ட வேண்டும். ஜரிகைத் துண்டும் செயற்கை நூல் துணியும் கூடவே கூடாது.

திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் 1925-இல் ராஜாஜி காந்தி ஆசிரமத்தைத் தொடங்கி, சுற்றுப்புறக் கிராமங்களில் ராட்டையைச் சுழல வைத்தார். அந்தக் கதர் மரபு நமக்குப் பெருமை தருவது. நன்றாகத் துவைத்துப் பழகிய கதர், குழந்தைக்கு உகந்த துணி என்பதிலும் சந்தேகமில்லை. ஆனால் தறியிலிருந்து இறங்கிய முரட்டுக் கதரை அப்படியே கட்டினால், தேசபக்தி தகப்பனாருக்கும் புண் குழந்தைக்கும் போய்ச் சேரும்!

துணி நல்லதாக இருந்தாலும் துவைக்கும் முறையால் கெட்டுப்போகலாம். கிணற்று நீர் உப்பாகவும் கடினமாகவும் இருக்கும் ஊர்களில் ஸோப்பு எளிதில் நுரைக்காது. ஸோப்பும் நீரிலுள்ள சுண்ணமும் சேர்ந்து வெண்மையான ஒரு கசடாகத் துணியில் படிந்துவிடும். காய்ந்ததும் துணி அப்பளம்போல் மொடமொடப்பாக ஆகும். ஆகையால் ஸோப்பைக் குறைத்து, அலசுவதை அதிகமாக்க வேண்டும். கிடைத்தால் கடைசி அலசலுக்கேனும் நல்ல தண்ணீரை உபயோகிக்கலாம். துணியை மிருதுவாக்குவதாகவும் மணக்க வைப்பதாகவும் சொல்லி விற்கும் திரவங்கள் வேண்டாம். அவை நூலின் மேல் ஒரு மெழுகுப் பூச்சை விட்டு, துணியின் உறிஞ்சும் சக்தியைக் குறைக்கின்றன. உலர்த்துவதற்கு நம் ஊர் வெயிலைவிடச் சிறந்த சாதனம் இல்லை. துணிக்கு மேல் பிளாஸ்டிக் ஜட்டி போடும் வழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். பாய் நனையாது என்பது உண்மை; குழந்தை வெந்துபோகும் என்பதும் உண்மை.

கடையில் விற்கும் டயப்பரைப் பற்றி என்ன சொல்வது? அமெரிக்காவில் மரியன் டோனவன் என்ற தாய், குளியலறைத் திரைச்சீலையை வெட்டித் தைத்து நீர் கசியாத மேலுறை ஒன்றைச் செய்து, 1951-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1961-இல் பாம்பர்ஸ் என்ற பெயரில் எறிந்துவிடும் டயப்பர் கடைக்கு வந்தது. 1980-களில் அதற்குள், தன் எடையைப்போல் பல மடங்கு நீரை உறிஞ்சிக் கூழாகும் ஒரு ரசாயனத் தூள் சேர்ந்தது. சோடியம் பாலி அக்ரிலேட் என்பது அதன் பெயர். ஈரத்தைத் தோலிலிருந்து விலக்கி வைப்பதில் அது கெட்டிக்காரச் சரக்கு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இரவிலும் பிரயாணத்திலும் அது தாய்க்குப் பெரிய உதவி. ஆனால் மூத்திரத்தைக் கூழாக்கும் அந்தத் தூள் மலத்தை ஒன்றும் செய்துவிடாது. "இரவு முழுவதும் உலர்வு" என்று பொட்டலத்தில் அச்சிட்டிருப்பது மலத்துக்குப் பொருந்தாது. துணி நல்லதா, டயப்பர் நல்லதா என்ற வழக்கில், 2006-இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, தீர்ப்புச் சொல்லப் போதிய ஆதாரம் இல்லையென்றே முடித்தது.

டயப்பர் வாங்குவோர் கவனிக்க வேண்டியவை சில. வாசனையும் சாயமும் பூச்சுத் தைலமும் இல்லாததாக இருக்கட்டும். மேலுறை காற்றுப் புகக்கூடியதாக இருக்கட்டும். வயதைப் பார்க்காமல் குழந்தையின் எடையைப் பார்த்து அளவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தொடையில் எலாஸ்டிக் பதிந்த சிவந்த கோடு தெரிந்தால், அடுத்த பெரிய அளவை வாங்க வேண்டும். எறிந்துவிடும் டயப்பருக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2021-இல் ஐ.எஸ். 17509 என்ற தர வரையறையை வெளியிட்டது. பொட்டலத்தில் அந்த எண்ணைத் தேடிப் பார்க்கலாம். எளிதில் புண்ணாகும் தோலுள்ள குழந்தைக்குப் புது வகை எதையும் சிறு பொட்டலமாக வாங்கி, ஓரிரு நாள் சோதித்த பிறகே பெரிய பொட்டலம் வாங்குவது விவேகம்.

ஆனால் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. விசைத்தறிக் கூலியில் மிச்சம் பிடித்து டயப்பர் வாங்கும் வீட்டில், "இவ்வளவு விலை கொடுத்ததை அதற்குள் எறிவதா?" என்று மனம் வராது. காலையில் கட்டியதை மாலையில் அவிழ்ப்பார்கள். விலையுயர்ந்த டயப்பரைப் பத்து மணி நேரம் கட்டி வைப்பதைவிடக் கிழிந்த வேஷ்டித் துணியை நனைந்ததும் மாற்றுவது எவ்வளவோ மேல். எதை உங்களால் மனம் கோணாமல் அடிக்கடி மாற்ற முடியுமோ, அதுவே உங்கள் குழந்தைக்கு ஏற்றது. டயப்பரானால் பகலில் இரண்டு மூன்று மணிக்கு ஒரு முறையாவது மாற்ற வேண்டும். பகலில் துணி, இரவில் டயப்பர் என்று வைத்துக்கொள்வதிலும் தவறில்லை.

புண் வந்துவிட்டால் முதல் மருந்து காற்று. தினம் சில தடவை துணியில்லாமல் குழந்தையைப் படுக்க விடுங்கள். வெதுவெதுப்பான நீரில் பஞ்சை நனைத்துத் துடைத்து, தேய்க்காமல் ஒற்றி உலர்த்துங்கள். பிறகு துத்தநாக ஆக்ஸைடு களிம்பைக் கனமாகத் தடவினால், அது தோலுக்கும் ஈரத்துக்கும் இடையே சுவர்போல் நிற்கும். கடலை மாவைப் போட்டுத் தேய்ப்பதும், பௌடரை வாரி இறைப்பதும் வேண்டாம். பௌடர் மூச்சோடு குழந்தையின் நுரையீரலுக்குள் போகும்.

தோலில் புண் வந்த இடமே காரணத்தைச் சொல்லும். துணி அழுந்தும் மேட்டுப் பகுதிகள் சிவந்து, தொடை மடிப்புகள் நன்றாக இருந்தால், அது பெரும்பாலும் ஈரத்தால் வந்த புண். மடிப்புகளுக்குள்ளேயே நல்ல சிவப்பாகி, சுற்றிலும் சிறு சிறு புள்ளிகள் சிதறியிருந்தால், அது காளான் இனத்துக் கிருமியின் வேலையாக இருக்கலாம். அதற்கு வேறு மருந்து வேண்டும். எலாஸ்டிக் படும் இடங்களில் மட்டும் தடித்தால் டயப்பரை மாற்றிப் பாருங்கள். மூன்று நாளில் குறையாவிட்டாலும், கொப்புளமோ சீழோ ஜுரமோ கண்டாலும் டாக்டரிடம் காட்டத் தாமதிக்கலாகாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் கலப்புக் களிம்பைத் தடவ வேண்டாம். அவற்றில் பலவற்றில் உக்கிரமான ஸ்டீராய்டு மருந்து சேர்ந்திருக்கிறது. இறுகக் கட்டிய டயப்பருக்குள் அது தோல் வழியாக உடம்புக்குள் அதிகமாக இறங்கும், தோலும் மெலிந்துபோகும். முதல் நாளே சிவப்பு மறைவதைக் கண்டு மயங்கிவிடக் கூடாது. 2018-இல் மத்திய அரசாங்கம் இத்தகைய ஸ்டீராய்டுகள் பலவற்றை டாக்டர் சீட்டின்றி விற்கக் கூடாதவற்றின் பட்டியலில் சேர்த்தது காரணமில்லாமல் அல்ல.

உபயோகித்த டயப்பரை ஏரிக்கரையில் வீசுவதும், குப்பையோடு கொளுத்துவதும் பிறர் குழந்தைகளுக்குச் செய்யும் துரோகம். மலத்தைக் கழிப்பறையில் கொட்டிவிட்டு, டயப்பரைக் காகிதத்தில் சுற்றித் தனியே துப்புரவுப் பணியாளரிடம் கொடுக்க வேண்டும். 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகளும் டயப்பரை நன்றாகச் சுற்றியே போட வேண்டும் என்று கூறின.

நள்ளிரவில் குழந்தை அழும்போது எழுந்து துணி மாற்றுவது தாயின் வேலை மட்டும் என்று எந்தச் சாஸ்திரத்திலும் எழுதவில்லை. தகப்பனாரும் எழுந்திருக்கலாம், பாட்டனார் விழித்திருந்தால் அவரும் உதவலாம். இனிமேல் குழந்தையின் தோல் சிவந்தால், பெற்றவள் என்ன சாப்பிட்டாள் என்று விசாரிப்பதற்கு முன்னால், துணியைத் தொட்டுப் பார்த்து, நனைந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.