உங்களுக்குத் தெரியுமா? ஒரு குண்டு பட்டால் போதாது!

ஆடி மாதம் வந்துவிட்டால் கண்ணமங்கலம் வழியாகப் படவேட்டுக்குப் போகிற கூட்டத்துக்குக் கணக்கே இல்லை. ரேணுகாம்பாளைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால் வளையல் கடை, பொரிக் கடை, அதையடுத்து பலூன் சுடும் கடை. முதல் ரவையிலேயே ஒரு பலூன் வெடித்துவிட்டால் போதும், "நீ ஒலிம்பிக்குக்கே போலாம் மாப்ள" என்று கூட வந்தவர் தோளில் தட்டுவார். போகலாம்தான். அதற்கு முன் குறி பார்ப்பது பற்றிச் சில சங்கதிகள்.

● பலூன் கடைத் துப்பாக்கியும் ஒலிம்பிக் ஏர் ரைஃபிளும் பெரும்பாலும் ஒரே அளவு ரவையைத்தான் சுடுகின்றன. 4.5 மி.மீ., அதாவது 0.177 அங்குலம். வித்தியாசமெல்லாம் இலக்கில் இருக்கிறது. ஊதிய பலூன் ஒரு சாண் அகலம்; பத்தடி தள்ளி நின்று சுடுகிறோம். ஒலிம்பிக்கில் 10 மீட்டர் தள்ளியிருக்கும் இலக்கின் நடுப்புள்ளி 0.5 மி.மீ.தான். ரவையே அதைவிட ஒன்பது மடங்கு பெரியது.

● அந்த நடுப்புள்ளி சுடுகிறவர் கண்ணுக்குத் தெரியாது! பத்து மீட்டரில் அரை மில்லிமீட்டரைப் பிரித்துப் பார்க்கும் சக்தி மனிதக் கண்ணுக்கு இல்லை. தொலைநோக்கி வைத்துக்கொள்ளவும் அனுமதி கிடையாது. வீரர் பார்ப்பது 30.5 மி.மீ. அகலமுள்ள ஒரு கறுப்பு வட்டத்தை. துப்பாக்கியின் முனையில் இருக்கும் சிறு வளையத்துக்குள் அந்தக் கறுப்பு வட்டத்தைச் சரி நடுவில் நிறுத்துகிறார். சுற்றிலும் தெரியும் வெள்ளை எல்லாப் பக்கமும் ஒரே அகலமாக இருந்தால் விசை. பத்து எங்கே இருக்கிறது என்று தெரியாமலே பத்து எடுக்கிறார்கள்.

● கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன், 2025 ஆகஸ்டில் கஜகஸ்தானில் நடந்த ஆசியப் போட்டியில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் தங்கம் வென்றார். இறுதிச் சுற்றில் 24 குண்டு, 253.6 புள்ளி. ஒரு குண்டுக்குச் சராசரி 10.57. பத்துக்கு மேல் எப்படி என்கிறீர்களா? நடுவிலிருந்து ஒவ்வொரு கால் மில்லிமீட்டர் விலகலுக்கும் 0.1 புள்ளி குறையும்படி 10.9 வரை பிரித்திருக்கிறார்கள். இந்தக் கணக்கை மில்லிமீட்டருக்கு மாற்றினால், அவருடைய ரவைகள் நடுவிலிருந்து சராசரியாக 1 மி.மீ. அளவுக்குத்தான் விலகியிருக்கின்றன. கையில் 5 கிலோவைத் தாங்கிக்கொண்டு, நின்றபடி!

● அதே இளவேனில் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இறுதிச் சுற்றுக்குள் நுழையவில்லை. தகுதிச் சுற்றில் 60 குண்டில் 630.7 எடுத்து பத்தாம் இடம். 631.5 எடுத்த ரமிதா ஜிண்டால் ஐந்தாம் இடத்தில் உள்ளே போனார். இடைவெளி 0.8 புள்ளி. அறுபது குண்டின் விலகலையெல்லாம் கூட்டினாலும் இரண்டு பேருக்கும் நடுவே இருந்தது ஏறக்குறைய 2 மி.மீ. அன்று அவர் மோசமாகச் சுட்டார் என்று எழுதியவர்கள் ஒரு ஸ்கேலை எடுத்து 2 மி.மீ. எவ்வளவு என்று பார்த்திருக்கலாம்.

● என்.சி.சி. முகாமில் 0.22 ரைஃபிள் சுட்டவர்களுக்கு "குரூப்பிங்" என்ற சொல் மறந்திருக்காது. ஐந்து தோட்டா கொடுப்பார்கள். நடுவில் பட்டதா என்று முதலில் பார்ப்பதில்லை. ஐந்தும் எவ்வளவு நெருங்கி விழுந்தன என்பதைத்தான் அளப்பார்கள். அளப்பதற்கும் முறை உண்டு. ஒன்றுக்கொன்று மிகத் தள்ளியிருக்கும் இரண்டு துளைகளின் வெளி ஓரத்திலிருந்து வெளி ஓரம் வரை அளந்து, அதில் ஒரு குண்டின் விட்டத்தைக் கழித்துவிட வேண்டும். வருவதுதான் குரூப்.

● ஐந்து குண்டும் நெருக்கமாக விழுந்து, ஆனால் இடது மேல் மூலையில் கிடக்கிறதா? சந்தோஷப்படுங்கள். குறிக்காட்டியை இரண்டு திருப்பு திருப்பினால் எல்லாம் நடுவுக்கு வந்துவிடும். ஐந்தும் ஐந்து திசையில் சிதறி, தற்செயலாக ஒன்று மட்டும் நடுவில் விழுந்திருக்கிறதா? அதற்குத் திருகு எதுவும் இல்லை. பலூன் கடையிலும் இதை முயன்று பார்க்கலாம். அங்கே குறிக்காட்டி சரியாக இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தருவதில்லை. முதல் மூன்று ரவையை ஒரே பலூனின் ஒரே இடத்தைப் பார்த்துச் சுடுங்கள். மூன்றும் வலப்பக்கம் போனால், நான்காவதை அந்த அளவு இடப்பக்கம் தள்ளிக் குறி பாருங்கள். கடைக்காரர் முகம் மாறுவதைக் காணலாம்.

● "மூணு குண்டு, மூணும் ஒரே ஓட்டை" என்று படம் போடாத துப்பாக்கிப் பிரியர் உலகத்திலேயே இல்லை. நம்புங்கள், ஆனால் பாதிதான் நம்புங்கள். குண்டுகள் தற்செயலாகச் சிதறுவதற்கு ஒரு கணிதம் இருக்கிறது. அதே துப்பாக்கி, அதே ஆள், அதே தோட்டா. மூன்று குண்டு சுட்டால் குரூப் சராசரியாக 2 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஐந்து சுட்டால் அது 2.5 செ.மீ. ஆகும். பத்து சுட்டால் 3.2 செ.மீ.க்கு அருகில் வரும். துப்பாக்கி கெட்டுப்போகவில்லை, கையும் நடுங்கவில்லை. சிதறல் எவ்வளவு என்பது மெல்ல வெளியே வருகிறது, அவ்வளவுதான். இன்னொரு வேடிக்கை: மூன்று குண்டு குரூப் பத்து சுட்டால், அவற்றில் சிறியதற்கும் பெரியதற்கும் மூன்று மடங்கு வித்தியாசம் இருப்பது சகஜம். சிறியதைப் படம் பிடித்துப் போடுகிறார்கள். ஆரணிப் பக்கத்து நெசவாளி யாரும் முந்தானையில் ஒரு சாண் நன்றாக விழுந்ததை வைத்துச் சேலைக்கு விலை பேசுவதில்லை.

● "நாலு குண்டு சேர்ந்திருக்கு, அந்த ஒண்ணு மட்டும் கை நழுவிடுச்சு, அதை விட்டுடுங்க." இந்த வசனம் எல்லா மொழியிலும் உண்டு. விசையை இழுக்கும்போதே "இது போச்சு" என்று வாய்விட்டுச் சொல்லியிருந்தால் ஒப்புக்கொள்ளலாம். அட்டையைப் பார்த்த பிறகு சொன்னால் கணக்கில் சேர்த்தே ஆகவேண்டும்.

● அப்படியானால் ஒரு ரைஃபிளிடம் எவ்வளவு எதிர்பார்க்கலாம்? துப்பாக்கிக்காரர்கள் கோணத்தில் அளப்பார்கள். ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு, அதாவது ஒரு கலை. 100 மீட்டரில் அது 29 மி.மீ.; நம் பத்து ரூபாய் நாணயத்தைவிட 2 மி.மீ. பெரிசு. சாதாரணத் தொழிற்சாலை ரைஃபிளும் சாதாரணத் தோட்டாவும் சேர்ந்து, மேசையில் தாங்கி வைத்து, ஐந்து குண்டை ஒன்றரை முதல் இரண்டு கலைக்குள் தொடர்ந்து போட்டால் அது நல்ல துப்பாக்கி. படைவீரர் தோளில் தொங்கும் தானியங்கி ரைஃபிள்கள் மூன்று, நான்கு கலை போனாலும் யாரும் குறை சொல்வதில்லை. அவை சேற்றிலும் மணலிலும் நின்றுவிடாமல் சுட வேண்டியவை. ஒரு கலைக்குள் என்று விளம்பரம் வந்தால், எத்தனை குண்டு என்று கேளுங்கள்.

● உச்சம் எது என்றால், அமெரிக்காவில் மேசையில் தாங்கிச் சுடும் போட்டிகளில் 100 கெஜத்தில் ஐந்து குண்டு 0.009 அங்குலம் என்று 1973-ல் மேக் மெக்மில்லன் போட்ட சாதனை. நாற்பது ஆண்டு அசையாமல் நின்றது. 2013-ல் மைக் ஸ்டினெட் அதை 0.0077 அங்குலமாக்கினார். 0.2 மி.மீ.கூட இல்லை. ஐந்து குண்டும் ஒரே துளைக்குள் போயிருக்கின்றன. அந்தத் துப்பாக்கிகள் தோளில் மாட்டிக்கொண்டு நடக்கிற ரகமல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

● நம் ஊர்ப் பக்கமே ஒரு போர்க்களம். 1751 டிசம்பரில் ராபர்ட் கிளைவின் படையும், ராசா சாகிப் - பிரெஞ்சுக் கூட்டுப் படையும் ஆரணியில் மோதின. 1782 ஜூன் 2-ல் அதே ஆரணியில் கம்பெனித் தளபதி ஐர் கூட்டும் மைசூரின் ஹைதர் அலியும். கம்பெனிச் சிப்பாய்களின் கையில் இருந்த மஸ்கட்டின் குழல் உள்விட்டம் 0.75 அங்குலம், அதில் போட்ட ஈயக் குண்டு 0.69 அங்குலம். நடுவே ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி. குண்டு குழலுக்குள் இப்படியும் அப்படியும் இடித்துக்கொண்டே போய், கடைசியாக எந்தப் பக்கம் இடித்ததோ அதற்கேற்ற திசையில் பறந்தது. 150 கெஜத்தில் தன்னைக் குறிபார்த்துச் சுடப்பட்ட மஸ்கட் குண்டு ஒருவன்மேல் பட்டால் அவன் மகா துரதிர்ஷ்டசாலி என்று 1814-ல் கர்னல் ஜார்ஜ் ஹேங்கர் எழுதினார். வரிசை கட்டி நின்று எல்லோரும் ஒரே நேரத்தில் சுட்டது இதனால்தான்.

● அந்த நிலையை மாற்றியது குழலுக்குள் வெட்டிய சுருள் வரிப்பள்ளம். குண்டு அதைப் பற்றிக்கொண்டு சுழன்றபடி வெளியேறுகிறது. 0.22 ரைஃபிளில் 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று. கொஞ்சமாகத் தோன்றுகிறதா? வெளியே வரும் வேகத்தில் கணக்குப் போட்டால் நொடிக்கு 800 சுற்று!

● 50 மீட்டர் போட்டியில் பத்து வளையத்தின் அகலம் 10.4 மி.மீ. பக்கவாட்டில் மணிக்கு 5 கி.மீ. காற்று, அதாவது கன்னத்தில் பட்டும் படாமலும் உணர்கிற காற்று, 0.22 குண்டை அந்தத் தூரத்தில் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் தள்ளிவிடும். பத்து போய் ஒன்பது. வரிசையில் சின்னச் சின்னக் கொடிகள் நட்டிருப்பது அலங்காரத்துக்கு இல்லை.

● ஒரே கம்பெனி, ஒரே பெயர், ஒரே விலை. ஆனாலும் இந்தத் தொகுதித் தோட்டா நம் துப்பாக்கிக்குப் பிடிக்கும், அடுத்த தொகுதி பிடிக்காது. பெரிய வீரர்கள் இங்கிலாந்தின் எலி, பின்லாந்தின் லாபுவா போன்ற தயாரிப்பாளர்களின் சோதனைக் கூடத்துக்கே தங்கள் ரைஃபிளைக் கொண்டுபோய், தொகுதி தொகுதியாகச் சுட்டுப் பார்த்து, ஒத்துவருவதை மொத்தமாக வாங்கி வைக்கிறார்கள்.

● இதயத் துடிப்பே குறியை ஆட்டும். துடிப்பை அடக்கும் 'பீட்டா பிளாக்கர்' மருந்துகள் இந்த விளையாட்டில் தடை செய்யப்பட்டவை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வட கொரியாவின் கிம் ஜாங் சு இரண்டு பதக்கங்களை இப்படித்தான் பறிகொடுத்தார்.

● துப்பாக்கியைத் தூக்கிக் குறி வைத்தபின் கண்ணை மூடுங்கள். இரண்டு மூச்சு விட்டுத் திறங்கள். குறி எங்கே நிற்கிறது? இலக்கைவிட்டு நகர்ந்திருந்தால், இதுவரை உங்கள் தசைகள் துப்பாக்கியை இழுத்துப் பிடித்திருந்தன என்று அர்த்தம். கையால் திருப்பக் கூடாது. காலை நகர்த்த வேண்டும். வலதுகால் பாதத்தை ஒரு விரற்கடை நகர்த்தி, மறுபடி மூடித் திறந்து பார்க்க வேண்டும். பிறகு பாதி மூச்சை வெளியே விட்டு நிறுத்தி, எட்டுப் பத்து நொடிக்குள் விசையை அழுத்த வேண்டும். தாண்டினால் பார்வை மங்கும். துப்பாக்கியை இறக்கிவிடுவதே மேல். ரவை போடாமலே வீட்டில் சுவரைப் பார்த்து இதைப் பழகுகிறார்கள், உலகச் சாம்பியன்கள் உட்பட.

● அபினவ் பிந்த்ரா அதே 2008 ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் தங்கம் வென்ற இறுதிச் சுற்றின் கடைசிக் குண்டுக்கு முன் அவரும் பின்லாந்தின் ஹென்றி ஹாக்கினெனும் சமம். பிந்த்ரா 10.8 போட்டார். ஹாக்கினென் 9.7, வெள்ளியும் போய் வெண்கலம். வித்தியாசம் மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவு.

● துல்லியம் மட்டும் போதுமா? 2004 ஏதென்ஸில் அமெரிக்காவின் மேத்யூ எம்மன்ஸ் தங்கத்தைக் கிட்டத்தட்டக் கையில் வைத்துக்கொண்டு கடைசிக் குண்டைச் சுட்டார். பட்டது பக்கத்து வரிசைக்காரரின் இலக்கில்! பூஜ்யம், எட்டாம் இடம். நான்கு ஆண்டு கழித்து பெய்ஜிங்கில் மறுபடி முன்னணி, மறுபடி கடைசிக் குண்டு. இம்முறை சொந்த இலக்குதான், ஆனால் 4.4. நான்காம் இடம்.

● 20 ஜூல் சக்திக்குள் அடங்கும் 0.177 அங்குல ஏர் ரைஃபிளுக்கு 2016 ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை. 0.22 ரைஃபிளுக்கு வேண்டும். எதுவானாலும் ஜவ்வாது மலைப் பக்கம் முயல், மயில் என்று தூக்கிக்கொண்டு போனால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காத்திருக்கிறது. ஆசை இருக்கிற பிள்ளைகளைப் பள்ளி, கல்லூரி என்.சி.சி.யில் சேர்த்துவிடுங்கள், வசதி இருந்தால் சென்னை, திருச்சி, கோவை ரைஃபிள் கிளப்புகள் இருக்கின்றன. முதல் நாள் சுட்ட அட்டையைத் தேதி போட்டு எடுத்து வையுங்கள். பத்து குண்டாவது இருக்கட்டும், தூரப் போய் விழுந்ததும் சேர்த்து. ஆறு மாதம் கழித்து அதே தூரத்தில் இன்னொரு பத்து சுட்டு, இரண்டையும் ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள்.