ஐசுலாந்து மொழியில் உயிர்மேற் கோடும் மாத்திரையும்

ஐசுலாந்து மொழியின் நெடுங்கணக்கில் எழுத்துகள் 32. அவற்றுள் ஆறு, தலைமேற் சாய்கோடு பெற்ற உயிரெழுத்துகளாம். குறில் நெடில் வேறுபாட்டிற் பழகிய தமிழர், இக்கோட்டை நெடிலின் குறியெனக் கொள்ளுதல் இயல்பு. அது பொருந்துமா என்பதை ஈண்டு ஆராய்வாம்.

கி.பி. 12ஆம் நூற்றாண்டில், பெயர் அறியப்படாத ஆசிரியர் ஒருவர் அம்மொழிக்கு எழுத்து வகுத்து நூலொன்று யாத்தார். 'முதல் இலக்கண நூல்' என வழங்கும் அதன்கண், நெட்டுயிர்மேற் கோடிடுமாறு விதித்தார். அன்று கோடு நெடிலையே குறித்தது. பின்னர் ஒலி திரிந்தது, கோடு நிலைத்தது. இன்று கோடு பெற்ற அகரம் 'ஔ' எனவும், எகரம் 'யெ' எனவும் ஒலிக்கின்றன. 'மொழி' எனப் பொருள்படும் சொல்லை 'மால்' என்னாது 'மௌல்' என்றல் வேண்டும்.

மாத்திரையோ இடத்தால் அமைகின்றது. அழுத்தம் பெறும் முதலசையின் உயிர், தனி மெய் பின்வரின் நீளும். இரட்டித்த மெய்யோ பெரும்பாலான மெய்ம்மயக்கமோ பின்வரின் குறுகும். மனிதனைக் குறிக்கும் 'மாதுர்' என்னும் சொல்லில் அகரம் கோடின்றியே நீள்கின்றது. அதன் தகரம் 'அது' என்பதிற்போல் உரசி ஒலிப்பது. அன்பைக் குறிக்கும் 'ஔஸ்த்' என்பதிலோ கோடு பெற்ற உயிர் குறுகி நிற்கின்றது.

சார்பினால் மாத்திரை குறுகுதல் குற்றியலுகரத்தால் நமக்கும் புதிதன்று. ஆதலின், புதிதாகப் பயில்வோர் கோட்டினால் ஒலியையும், பின்வரும் மெய்யினால் அளவையும் துணிதல் வேண்டும். இரண்டையும் ஒன்றெனக் கொள்ளின் பிழை நேரும்.