அசைந்தும் வீழாத கற்சுவர்கள்

வீட்டுச் சுவரில் விரிசல் கண்டால் உடனே கொத்தனாரை அழைத்துச் சிமெண்ட் பூசச் சொல்கிறோம். சிமெண்டையே அறியாதவர் அடுக்கிய கற்கள், பூமி குலுங்கிய போதும் நிலைத்து நின்றது எவ்வாறு என்று சிந்தித்ததுண்டா?

தென் அமெரிக்காவின் பெரு நாட்டிலுள்ள குஸ்கோ, இன்கா மன்னர்களின் தலைநகர். அங்கிருந்த கொரிகாஞ்சா என்னும் சூரிய ஆலயத்தின் சுவர்கள் மீது, நாட்டைக் கைப்பற்றிய ஸ்பானியர் தம் துறவி மடத்தை எழுப்பினர். 1650ஆம் ஆண்டின் நிலநடுக்கத்தில் மடத்தின் தேவாலயம் சரிந்தது, மீண்டும் கட்டினர். 1950 மே 21 அன்று பூமி மறுபடியும் நடுங்கிற்று. நகரில் எண்ணற்ற வீடுகள் இடிந்தன, மடமும் பெருஞ்சேதமுற்றது. சரிந்த கட்டடத்தினுள்ளிருந்து இன்காக்களின் சுவர் உறுதி குலையாமல் வெளிப்பட்டது!

அச்சுவரில் சாந்து இல்லை. ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லோடு பொருந்தும்வரை தேய்க்கப்பட்டது. நிலம் ஆடும்போது கற்கள் மயிரிழையளவு நகர்ந்து, ஒன்றோடொன்று உராய்ந்து, அதிர்வின் வேகத்தை விழுங்கிவிட்டு மீண்டும் தத்தம் இடத்தில் அமர்கின்றன. சாந்திட்டு இறுகிய சுவருக்கு இந்த நெகிழ்வு கிடையாது. அது பிளக்கத்தான் வேண்டும். மேலும் இன்காச் சுவர்கள் அடியில் தடித்து, மேலே உட்புறம் சாய்ந்தவை. வாயில்களும் மாடங்களும்கூட அடியில் அகன்று உச்சியில் குறுகியிருக்கும்.

ஏதென்ஸ் நகரின் பார்த்தினான் ஆலயம் கி.மு. 447இல் தொடங்கப்பட்டது. அதன் தூண்கள் ஒரே கல்லல்ல. உருளைக் கற்களைச் சாந்தின்றி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியவை. சுவர்க் கற்களை இரும்புக் கவ்விகளால் பிணைத்து, கவ்வியைச் சுற்றி ஈயத்தை உருக்கி வார்த்தனர். மென்மையான ஈயம் அதிர்ச்சியைத் தாங்கும். இரும்பைத் துருவினின்றும் காக்கும். (அரபியில் ஈயத்துக்கு 'ரஸாஸ்' என்று பெயர். இறுகப் பிணைந்த கட்டடத்தைச் சுட்டும் 'மர்ஸூஸ்' என்ற சொல்லும் அதே வேரினதே.) இவ்வாலயத்தைப் பெரிதும் சிதைத்தது நிலநடுக்கமன்று, 1687இல் வெனிஸ் படையின் குண்டு விழுந்து, உள்ளே இருந்த வெடிமருந்து வெடித்ததே காரணம்.

பின்னர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பழுது பார்த்தவர்கள் ஈயத்தை விட்டு, வெறும் இரும்பையே பதித்தனர். இரும்பு துருவேறிப் பருத்து, பளிங்கைப் பிளந்தது. இப்போது அவற்றை அகற்றி டைட்டானியம் பொருத்தி வருகின்றனர். முன்னோர் வேலையைப் புரிந்துகொள்ளாமல் 'திருத்த' முற்பட்டால் விளைவு இதுதான்!

ஆனால் பழங்கட்டடம் யாவும் அழியாதவை என்று எண்ணிவிட வேண்டாம். விழுந்தவை நம் கண்ணில் படுவதில்லை, அவ்வளவே. அலெக்சாந்திரியாவின் புகழ்பெற்ற கலங்கரை விளக்கம் 1303ஆம் ஆண்டின் நிலநடுக்கத்தில் கடுமையாகச் சிதைந்தது. 1349இல் அதைக் காணச் சென்ற பயணி இப்னு பதூதா, உள்ளே நுழையவும் இயலாமல் திரும்பினார். அவ்விடத்தில்தான் 1477இல் சுல்தான் காயித்பே கோட்டை கட்டத் தொடங்கினார். விளக்கத்தின் கற்களும் அதில் சேர்ந்தன.